42 ஜிபிதான் போட்டிருக்கிறேன், அதற்குள் கோட்டா எப்படித் தீர்ந்தது?

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, தென்னையில் சுருள் வெள்ளை ஈ தாக்குதலைப் படத்தை வைத்தே கண்டுபிடிக்கிற வேலை செய்யறேன். ட்ரோன் படங்களை வெட்டி 3,80,000 சின்னப் படத்துண்டு வெச்சிருக்கேன், ஒவ்வொண்ணும் 12 கேபி இருக்கும். கிளஸ்டர்ல எனக்கு 1 டிபி இடம் கொடுத்திருக்காங்க, நான் போட்டது 42 ஜிபிதான். ஆனா இப்ப ஒரு ஃபைல்கூட எழுத முடியல, ‘டிஸ்க் கோட்டா எக்சீடட்’னு வருது. ட்ரெய்னிங்கும் என் லேப்டாப்பை விட மெதுவா ஓடுது. போதாக்குறைக்கு ஸ்க்ராட்ச்ங்கற தற்காலிக இடத்துல இருக்கறதை 60 நாள்ல அழிச்சுடுவோம்னு மெயில் வந்திருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல.”

தம்பி, உங்கள் கோட்டா உண்மையிலேயே தீர்ந்துதான் போயிருக்கிறது. நீங்கள் பார்த்த மீட்டர் வேறு, தீர்ந்த மீட்டர் வேறு. கிளஸ்டரில், அதாவது பல கணினிகளைக் கோத்துப் பலரும் பகிரும் அந்த அமைப்பில், உங்கள் கணக்கில் இரண்டு அளவுகள் ஓடுகின்றன. ஒன்று எத்தனை ஜிபி என்பது, மற்றொன்று எத்தனை ஃபைல் என்பது. இரண்டாவதை ஐநோட் கோட்டா என்பார்கள். நீங்கள் அனுப்பிய ‘எல்எஃப்எஸ் கோட்டா’ கட்டளையின் வெளியீட்டில் இடதுபக்கம் கேபைட்ஸ் என்று ஒரு பத்தி, வலதுபக்கம் ஃபைல்ஸ் என்று ஒரு பத்தி இருக்கிறது. வலதுபக்கத்தின் வரம்பு 5,00,000. நீங்கள் பயன்படுத்திய எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழுந்திருக்கிறதே, அதுதான் விஷயம்: வரம்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். படத்துண்டுகள் 3,80,000. நீங்கள் நிறுவிய இரண்டு கோண்டா என்விரான்மென்ட்டுகளும் (பைத்தானும் அதன் நூலகங்களும் அடங்கிய தொகுப்புகள்) அவற்றின் கேஷும் (இறக்கிய பேக்கேஜ்களின் கிடங்கு) சேர்ந்து மீதி 1,20,000. கணக்கு நேராகிவிட்டது. இன்னும் 950 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் ஒரு பைட் அளவுள்ள ஃபைலைக்கூட உங்களால் உருவாக்க முடியாது.

மெதுவாக ஓடுவதற்கும் காரணம் இதே எண்ணிக்கைதான். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கிளஸ்டரில் இருப்பது லஸ்டர் என்ற ஃபைல் சிஸ்டம். லினக்ஸ், கிளஸ்டர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பிராம் தொடங்கிய வேலை இது. முதல் வெளியீடு 2003-இல் வந்தது. அமெரிக்க தேசிய ஆய்வகங்களின் பெரிய கணினிகளுக்காக வளர்ந்தது. அங்கே ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் தங்கள் நினைவகத்தில் இருப்பதைப் பெரிய பெரிய ஃபைல்களாகக் கொட்டும். அந்தக் கொட்டலைத் தாங்குவதற்காகக் கட்டிய அமைப்பு. 12 கேபி படத்தை நாலு லட்சம் முறை எடுத்துக் கொடுப்பது அதன் பிறவிக் குணத்தில் இல்லை.

உள்ளே இரண்டு வகை சர்வர்கள். ஒன்று மெட்டாடேட்டா சர்வர். ஃபைலின் பெயர், யாருடையது, என்ன அனுமதி, உள்ளடக்கம் எங்கே கிடக்கிறது என்ற பதிவேடு அதனிடம். மற்றொன்று பொருள் சர்வர்கள். இவை பல இருக்கும். உண்மையான பைட்டுகள் இவற்றின் கீழுள்ள ஓஎஸ்டி எனப்படும் வட்டுத் தொகுதிகளில் கிடக்கும். உங்கள் நிரல் ஒரு படத்தைத் திறந்தால் முதலில் நெட்வொர்க் வழியே பதிவேட்டுக்குப் போக வேண்டும். “இந்தப் பெயர் இருக்கிறதா, எனக்கு அனுமதி உண்டா, எந்த ஓஎஸ்டியில் இருக்கிறது?” என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் அந்த ஓஎஸ்டியிடம் போய்ப் படிக்க முடியும். 200 ஜிபி ஃபைலானாலும் 12 கேபி ஃபைலானாலும் இந்த முதல் நடை ஒன்றேதான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்குத் தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாரை விட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. என் அப்பா லாரி ஓட்டினவர். கோயம்புத்தூரிலிருந்து பம்ப்செட் ஏற்றிக்கொண்டு திருச்சூர், கொச்சி போவார். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, அதாவது 2017 ஜூலைக்கு முன்பு, வாளையார் வணிகவரிச் செக்போஸ்ட்டில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். பள்ளி விடுமுறையில் அம்மா தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுப்பார். நான் பஸ்ஸில் கொண்டுபோய் அப்பாவின் லாரியைத் தேடிப் பிடித்துக் கொடுப்பேன். சில நாள் காலையில் நான் பார்த்த இடத்திலேயே சாயங்காலமும் அந்த வண்டி நின்றிருக்கும். அங்கே நான் கவனித்தது ஒன்று. முழு லோடு ஏற்றிய வண்டியின் டிரைவரும் பில்லை எடுத்துக்கொண்டு இறங்கி வரிசையில் நிற்பார். ஒரே ஒரு பெட்டி ஏற்றிய சின்ன வண்டியின் டிரைவரும் அதே வரிசையில்தான் நிற்பார். கவுன்டரில் இருப்பவர் பில்லை வாங்கிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி சீல் வைக்க இருவருக்கும் ஒரே நேரம்தான் ஆகும். அந்தப் பக்கம் ரோடு நாலு வண்டி போகிற அகலம். அது எப்போதும் காலியாகத்தான் கிடக்கும்.

நீங்கள் செய்திருப்பது 3,80,000 வண்டிகளில் ஆளுக்கொரு பெட்டி ஏற்றி அனுப்பியது.

எண்ணில் பாருங்கள். ஒரு ஃபைலைத் திறந்து படித்து மூட 2 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,80,000 படங்களை ஒரு சுற்றுப் படிக்க 760 வினாடி. கிட்டத்தட்ட 13 நிமிடம். கிளஸ்டரில் கூட்டம் அதிகமாகி அதே வேலைக்கு 5 மில்லிசெகண்ட் ஆனால் 32 நிமிடம். இது வெறும் காத்திருப்பு. மாடலுக்குக் கற்பிக்கும் சிப்பான ஜிபியூ இன்னும் ஒரு கணக்கும் போடவில்லை. நூறு ஈபாக், அதாவது எல்லாப் படங்களையும் நூறு சுற்று, ஓட்டினால் 3 கோடியே 80 லட்சம் முறை பதிவேட்டைத் தட்டுகிறீர்கள். படங்களை எடுத்துத் தரும் டேட்டா லோடரில் ஒர்க்கர் எண்ணிக்கையைக் கூட்டினால் உங்கள் காத்திருப்பு குறையும், செக்போஸ்ட்டில் நெரிசல் அதே அளவுக்குக் கூடும். மாறாக, அந்தப் படங்கள் எல்லாம் சேர்ந்து 4.6 ஜிபிதான். ஒரே ஃபைலாக இருந்தால், வினாடிக்கு 500 எம்பி வேகத்தில் பத்து வினாடிக்குள் மொத்தமும் வந்து சேர்ந்துவிடும்.

லேப்டாப்பில் ஏன் வேகம் என்றால், அங்கே எஸ்எஸ்டி உள்ளேயே இருக்கிறது, நடுவில் நெட்வொர்க் கிடையாது, வேறு யாரும் கேட்டுக்கொண்டும் இல்லை. முதல் ஈபாக் முடிந்ததும் 4.6 ஜிபியும் நினைவகத்திலேயே தங்கிவிடும். இரண்டாவது ஈபாக்கிலிருந்து வட்டைத் தொடவே தேவையில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மனசார சொல்கிறேன். பதிவேடு பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் ஒரு சில. அது கிளஸ்டரில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொது. நீங்கள் அதைத் தட்டிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒருவர் வெறும் ‘எல்எஸ்’ அடித்துவிட்டு அரை நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூலத்தரை அணைக்கட்டில் தலைமடைக்காரர் மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடையில் என்ன ஆகும் என்று சித்தூர் தாலுகாக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சேமிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட வருடங்களில் ‘சிஸ்டம் தொங்குகிறது’ என்று வந்த புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் யாரோ ஒருவரின் சின்ன ஃபைல் குவியலில்தான் போய் முடிந்தன. அவர்களில் ஒருவர்கூட வேண்டுமென்று செய்தவர் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது?

உடனடிச் சிக்கல், புதிய ஃபைலே உருவாக்க முடியாது என்பது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக, ஒரு தார் ஃபைலாகக் கட்டலாம் என்றால் அந்தத் தார் ஃபைலை உருவாக்கவும் ஓர் ஐநோட் வேண்டும். அதனால் முதலில் கோண்டாவில் கை வையுங்கள். இரண்டு என்விரான்மென்ட்டில் பழையதை இப்போது பயன்படுத்தவில்லை என்று சொன்னீர்கள், அதை நீக்குங்கள். நீக்கிய பிறகும் எண்ணிக்கை அவ்வளவாக இறங்கவில்லை என்றால் திகைக்க வேண்டாம். கோண்டா இடத்தை மிச்சப்படுத்த ஹார்ட் லிங்க் போடும். அதாவது பேக்கேஜ் கேஷிலும் என்விரான்மென்ட்டிலும் இருப்பது ஒரே ஐநோட்தான். ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் அது உயிரோடு இருக்கும். கேஷையும் ‘கோண்டா கிளீன்’ கொடுத்துச் சுத்தம் செய்தால்தான் எண் இறங்கும்.

அடுத்து படத்துண்டுகள். லாகின் நோடில், அதாவது எல்லோரும் முதலில் நுழையும் கணினியில், உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள். வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்மில் ஒரு சின்ன வேலையாகப் போடுங்கள். 10,000 படத்துக்கு ஒரு தார் என்று கட்டினால் 38 தார் ஃபைல்கள் வரும், ஒவ்வொன்றும் 120 எம்பி. ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, எனவே ஜிசிப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். கட்டி முடித்ததும் ஒவ்வொரு தாரிலும் எத்தனை உருப்படி என்று எண்ணி, கூட்டினால் 3,80,000 வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகுதான் மூலத்துண்டுகளை அழிக்க வேண்டும். அழிப்பதும் ஒவ்வொன்றாகச் செக்போஸ்ட் வழியாகத்தான் நடக்கும், எனவே நேரம் எடுக்கும். இரவில் ஓட விட்டுவிடுங்கள்.

ட்ரெய்னிங் வேலையின் ஸ்கிரிப்ட்டை இப்படி மாற்றுங்கள்: வேலை தொடங்கியதும் அந்த 38 தார்களையும் கணக்கிடும் நோடின் சொந்த வட்டுக்குக் காப்பி செய்து, அங்கேயே பிரித்து, ட்ரெய்னிங்கை அந்த உள்ளூர் டைரக்டரியிலிருந்து ஓட்டி, முடிந்ததும் மாடல் ஃபைலையும் லாக்கையும் மட்டும் பொதுச் சேமிப்பகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். நோடில் என்விஎம்ஈ என்ற வேகமான வட்டு இருந்தால் காப்பி, பிரிப்பு எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடியும். அதன் பிறகு நூறு ஈபாக் ஓட்டினாலும் பொதுப் பதிவேட்டுக்கு நீங்கள் போவதே இல்லை. சில கிளஸ்டர்களில் நோடுக்குச் சொந்த வட்டு கிடையாது. அங்கே ‘டெவ் எஸ்எச்எம்’ என்ற நினைவகத் துண்டைப் பயன்படுத்தலாம். ஆனால் அது உங்கள் வேலைக்கு ஒதுக்கிய ராமிலிருந்து எடுக்கும். 4.6 ஜிபிக்கு இடம் வேண்டும் என்றால் வேலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் பாதியில் வேலையைக் கொன்றுவிடும்.

நாளைக்கு உங்கள் படங்கள் 500 ஜிபி ஆகி உள்ளூர் வட்டில் பிடிக்காமல் போனால், தார்களைப் பிரிக்காமலே வரிசையாகப் படிக்கும் வெப்டேட்டாசெட் போன்ற நூலகங்கள் இருக்கின்றன. தார்களின் வரிசையைக் குலுக்கி, படித்ததை ஒரு பஃபரில் வைத்து மறுபடி குலுக்கிக் கொடுக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: கட்டும்போதே படங்களைக் கலந்து கட்ட வேண்டும். ஈ தாக்கிய ஓலை எல்லாம் முதல் இருபது தாரிலும் நல்ல ஓலை எல்லாம் மீதியிலும் போனால் பஃபர் எவ்வளவு குலுக்கினாலும் மாடல் சரியாகக் கற்காது.

கோண்டாவுக்கு நிரந்தரத் தீர்வு கன்டெய்னர். ஆப்டெய்னர், முன்பு சிங்குலாரிட்டி என்று அழைத்தோம், அதில் ஒரு என்விரான்மென்ட் முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கிவிடும். பைத்தான் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடித் திறக்கிறது. ‘இம்போர்ட் டார்ச்’ அடித்துவிட்டு அரை நிமிடம் காத்திருக்கிறோமே, அதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கன்டெய்னர் வந்தால் அந்தத் தேடல் எல்லாம் ஒரே ஃபைலுக்குள் நடந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான பிரச்சினையும் உங்களுக்கு வரப்போகிறது. ட்ரோன் படங்களை ஒட்டிப் பெரிய ஆர்த்தோமொசைக் செய்யப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். 150, 200 ஜிபி ஒரே ஃபைல். அங்கே லஸ்டர் உங்கள் பக்கம் நிற்கும், கேட்கத் தெரிந்தால். வழக்கமாக ஒரு ஃபைல் முழுவதும் ஒரே ஓஎஸ்டியில் போய் உட்காரும். ஸ்ட்ரைப் எண்ணிக்கையை எட்டு என்று வைத்தால் அதே ஃபைல் எட்டு ஓஎஸ்டிகளில் மாறி மாறிப் பரவும். ஒரே பில்லுக்கு எட்டு லாரியில் லோடு போவது மாதிரி; செக்போஸ்ட்டில் ஒரு முறைதான் நிற்க வேண்டும், ரோட்டின் அகலம் முழுவதும் உங்களுக்கு. ‘எல்எஃப்எஸ் செட்ஸ்ட்ரைப்’ என்ற கட்டளையில் எண்ணிக்கையைக் கொடுத்தால் போதும்.

இதில் நிறையப் பேர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரைப் என்பது ஃபைல் பிறக்கும்போதே தீர்மானமாகிவிடும். ஏற்கெனவே இருக்கும் ஃபைல்கள் உள்ள டைரக்டரிக்கு நீங்கள் புதிய எண்ணிக்கை கொடுத்தால் இனி அதில் பிறக்கும் ஃபைல்களுக்குத்தான் அது பொருந்தும். பழைய ஃபைலை ‘எம்வி’ கொடுத்து அந்த டைரக்டரிக்கு நகர்த்தினாலும் மாறாது, ஏனென்றால் நகர்த்துவது பதிவேட்டில் பெயரை மாற்றி எழுதுவது மட்டும்தான். ‘சிபி’ கொடுத்துப் புதிதாகக் காப்பி செய்ய வேண்டும், அல்லது ‘எல்எஃப்எஸ் மைக்ரேட்’ கொடுக்க வேண்டும். மாறியதா என்று ‘கெட்ஸ்ட்ரைப்’ கொடுத்துக் கண்ணால் பாருங்கள். அதே ஆர்வத்தில் சின்ன ஃபைல்களுக்கும் எட்டு வைத்துவிடாதீர்கள். 12 கேபியைப் பங்கு போட முடியாது, எட்டு இடத்தில் வீண் அலைச்சல்தான் மிஞ்சும். 2017-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து, ஃபைல் வளர வளரத் தானே ஸ்ட்ரைப்பைக் கூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. உங்கள் நிர்வாகி அதை இயல்பாகவே அமைத்திருந்தால் இந்தப் பத்தியை நீங்கள் மறந்துவிடலாம். கேட்டுப் பாருங்கள்.

சில சின்னப் பழக்கங்கள். ‘எல்எஸ்’ உடன் ‘மைனஸ் எல்’ போட்டால் ஒவ்வொரு ஃபைலின் அளவையும் சொல்ல ஓஎஸ்டிகளிடமும் கேட்க வேண்டியிருக்கும்; லட்சம் ஃபைல் உள்ள டைரக்டரியில் அதைத் தவிருங்கள். எவ்வளவு பயன்படுத்தினோம் என்று பார்க்க ‘டியூ’ ஓட்டாதீர்கள், அது ஃபைல் ஃபைலாகப் போய் எண்ணும். கோட்டா கட்டளை அதையே கணத்தில் சொல்லும். விஎஸ் கோடில் ரிமோட்டாகத் திறக்கும்போது தரவு டைரக்டரியைத் திறக்காமல் நிரல் டைரக்டரியை மட்டும் திறங்கள், இல்லையென்றால் அது பின்னணியில் எல்லா ஃபைலையும் மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கும். 200 வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் எல்லாம் ஒரே லாக் ஃபைலில் எழுதக் கூடாது. ஒருவர் எழுதும்போது மற்றவரிடமிருந்து பூட்டைப் பிடுங்க வேண்டும், அந்தப் பிடுங்கலிலேயே நேரம் போய்விடும். வேலைக்கு ஒரு லாக்.

இனி ஸ்க்ராட்ச். இதைப் பற்றி நான் சொல்வதை நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன்.

ஸ்க்ராட்ச் என்பது வேலை நடக்கும்போது சாமான் பரப்பும் களம். அறுவடை முடிந்தால் களத்தில் நெல்லை விட்டுவைக்க மாட்டோம். அதற்கு பேக்கப் கிடையாது. வட்டுகள் ரெய்டில் இருக்கின்றனவே என்று தைரியம் கொள்ள வேண்டாம். ஒரு வட்டு செத்தால் ரெய்டு காப்பாற்றும், நீங்களே ‘ஆர்எம்’ அடித்தால் அதையும் விசுவாசமாக எல்லா வட்டிலும் அழித்துவிடும். குப்பைத்தொட்டி என்று ஒன்று அங்கே இல்லை.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது பாலக்காட்டுக் கணவாயின் காற்றைப் பற்றி வேலை செய்தேன். முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படிப் பாய்கிறது என்று மாதிரி ஓட்டிய வெளியீடுகள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஓட்டியவற்றைத் தாராகக் கட்டி வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை அதை ஸ்க்ராட்சில் பிரித்தேன். இடம் நெருக்கடியாக இருந்ததால் தார் ஃபைலை அழித்துவிட்டேன். பிரித்து மூன்று நாள்தானே ஆகிறது, 60 நாள் இருக்கிறதே என்ற நம்பிக்கை. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் டைரக்டரிகள் எல்லாம் அப்படியே வரிசையாக இருக்கின்றன. 2.5 கி.மீ. கட்டம், 5 கி.மீ. கட்டம் என்று நான் வைத்த பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லை. ஒவ்வொரு டைரக்டரியாகத் திறந்து திறந்து பார்த்தேன்.

நடந்தது இதுதான். தார் பிரிக்கும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் பழைய தேதியையே திருப்பிக் கொடுக்கும். மூன்று நாளுக்கு முன்பு பிரித்த ஃபைல்களின் தேதி இரண்டு வருடம் பழையதாக இருந்தது. அந்த நிறுவனத்தின் துப்புரவு நிரல் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்துத்தான் அழித்தது. ஞாயிறு இரவு அது ஓடியது. விதிமுறை ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது உண்மைதான், ஆனால் எந்தத் தேதியைப் பார்க்கும் என்று அதில் இல்லை. மறுபடி ஓட்டி முடிக்க ஏழு வாரம் ஆனது. பின்னாளில் நானே ஒரு சேமிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வந்தபோது முதலில் எழுதிய வரி, துப்புரவு நிரல் எந்தத் தேதியைப் பார்க்கும் என்பதுதான்.

எனவே உங்கள் நிர்வாகியிடம் கேளுங்கள்: 60 நாள் என்பது கடைசியாகப் படித்ததிலிருந்தா, திருத்தியதிலிருந்தா, உருவாக்கியதிலிருந்தா? தார் பிரிக்கும்போது ‘மைனஸ் எம்’ சேர்த்துக்கொண்டால் இன்றைய தேதி விழும். காப்பி செய்யும் ‘ஆர்சிங்க்’ கட்டளையுடன் ‘மைனஸ் ஏ’ போட்டாலும் பழைய தேதி ஒட்டிக்கொண்டே வரும், அங்கேயும் கவனம். அழியாமல் இருக்கத் தினமும் ‘டச்’ அடித்து எல்லா ஃபைலின் தேதியையும் புதுப்பிக்கலாம் என்று யாராவது சொல்லித்தந்தால் செய்யாதீர்கள். பெரும்பாலான இடங்களில் அது விதிமீறல். அதோடு மறுபடி லட்சக்கணக்கில் பதிவேட்டைத் தட்டுவதும் ஆகும்.

உங்களைப் பொறுத்தவரை திருப்பி எடுக்க முடியாதது ட்ரோன் எடுத்த மூலப் படங்கள் மட்டும்தான். இந்த வெள்ளை ஈ இந்தியாவில் 2016-இல்தான் பொள்ளாச்சி, பாலக்காட்டுப் பக்கம் முதன்முதலில் பதிவானது. போன வருடம் ஒரு தோப்பு எப்படி இருந்தது என்பதை இந்த வருடம் போய்ப் படம் எடுக்க முடியாது. அவற்றை மூன்று இடத்தில் வையுங்கள்: லேபின் நிரந்தர இடத்தில் ஒன்று, உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வேறொரு கட்டடத்தில் ஒன்று. வெட்டிய துண்டுகளை எப்போது வேண்டுமானாலும் நிரலை ஓட்டி மறுபடி வெட்டிக்கொள்ளலாம், அவை போனாலும் கவலையில்லை.

கிளஸ்டருக்கு ஏற்றுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டு இணைப்பில் ஏற்றும் வேகம் வினாடிக்கு 20 மெகாபிட் என்றால் 1 டிபி போய்ச் சேர நாலரை நாளுக்கு மேல் ஆகும், அதுவும் கரன்ட் போகாமல் இருந்தால். ஹார்ட் டிஸ்கை பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள். கல்வி நிறுவனத்துக்குள் போனபிறகு தரவு மாற்றத்துக்கென்று தனி நோடு இருக்கும், அதன் வழியாக ஆர்சிங்க் கொடுங்கள். பாதியில் அறுந்தாலும் மறுபடி ஓட்டினால், போய்ச் சேர்ந்த ஃபைல்களைத் தவிர்த்து மீதியை மட்டும் அனுப்பும். புறப்படும் முன் ஒவ்வொரு ஃபைலுக்கும் ‘ஷா256சம்’ என்ற சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு பட்டியலாக வைத்து, போய்ச் சேர்ந்ததும் சரிபாருங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்களில் சில ‘இல்லை’ என்று சொல்வதாக எழுதியிருந்தீர்களே, அதன் பதில் எனக்குப் பிடித்த புதிர். லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் அதிகபட்சம் 255 பைட். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும், அதாவது 85 குறியீடு. ‘கொழிஞ்சாம்பாறை’ என்பது 14 குறியீடு, 42 பைட். இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு ஒன்று 42 பைட், மற்றது 45 பைட். இரண்டும் வேறு வேறு பெயர். உங்கள் நண்பரின் மேக்கிலிருந்து வந்த பெயர்களில் அநேகமாகப் பிரித்து எழுதிய வடிவம் இருக்கும், உங்கள் விசைப்பலகை சேர்த்து எழுதுகிறது. அதனால்தான் பட்டியலில் கொழிஞ்சாம்பாறை இரண்டு முறை வருகிறது, நீங்கள் தட்டச்சு செய்தால் ஒன்றுதான் திறக்கிறது. யூனிகோட் நார்மலைசேஷன் செய்யும் நாலு வரிப் பைத்தான் நிரல் போதும், எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம். தமிழ்ப் பெயரை விட்டுவிடச் சொல்லமாட்டேன். மூன்று ‘ல’வும் (ல, ள, ழ) இரண்டு ‘ர’வும் (ர, ற) கலந்து ஆங்கில எழுத்தில் எழுதிக் குழம்புவதை விட அது நல்லது. இடைவெளி மட்டும் விடாமல் அடிக்கோடு போடுங்கள்.

லேபில் எல்லோருக்கும் படங்கள் வேண்டும் என்றால் ஆளுக்கொரு காப்பி வைக்க வேண்டாம். குழுவுக்கு ஒரு டைரக்டரி கேட்டு வாங்கி, அதற்கு 2770 என்று அனுமதி கொடுங்கள். முன்னால் உள்ள 2 இருந்தால் உள்ளே யார் ஃபைல் உருவாக்கினாலும் குழுவின் பெயரிலேயே பிறக்கும். மூலப் படங்களைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். வேலை நடக்கவில்லை என்று அவசரத்தில் 777 போட்டுவிடாதீர்கள், கிளஸ்டரில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அழித்துவிடலாம்.

இன்று இரவு செய்ய வேண்டியது பழைய கோண்டா என்விரான்மென்ட்டையும் கேஷையும் நீக்குவது, தார் கட்டும் வேலையை வரிசையில் போடுவது, இரண்டும்தான். நிர்வாகிக்கு எழுதும்போது “ஸ்லோவாக இருக்கிறது” என்று மட்டும் எழுதாமல், வேலையின் எண், எந்த டைரக்டரி, எத்தனை ஃபைல், எந்த மணிக்கு என்று நான்கையும் எழுதுங்கள். கூடவே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: துப்புரவு எந்தத் தேதியைப் பார்க்கிறது, நோடில் உள்ளூர் வட்டு எவ்வளவு, சின்ன ஃபைல்களை மெட்டாடேட்டா சர்வரிலேயே வைக்கும் வசதி போட்டிருக்கிறார்களா. பதில் வந்ததும் எழுதுங்கள், ஸ்கிரிப்ட்டை நான் பார்த்துச் சொல்கிறேன்.